ஆள்-நாள் கணக்கு: பஞ்சத்திலும் போரிலும் செங்கல்பட்டுச் சீமையின் உழைப்பு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிரிழந்தார்கள். இந்த மாவட்டத்தில் எந்த நினைவுச் சொற்பொழிவைத் தொடங்கினாலும் அந்த இருவரை வணங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆண்டுதோறும் வணங்குகிறோம். இன்று வந்திருக்கும் மாணவர்களில் பலர் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்கள் என்னிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "நிலம், நிலம் என்கிறீர்களே, நாங்கள்தான் கம்பெனி வேலைக்குப் போகிறோமே, இனி நிலம் எதற்கு?"

நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல 150 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஒரு பஞ்சம், இரண்டு உலகப் போர்கள் ஆகிய மூன்று காலங்களிலும் இந்தச் சீமையின் சேரி மக்கள் என்ன வேலை செய்தார்கள், அதற்கு என்ன கூலி வாங்கினார்கள், நெருக்கடி முடிந்தபின் அவர்கள் கையில் என்ன மிஞ்சியது என்று பார்ப்போம். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

1. கால்வாய்

பூஞ்சேரி தாண்டி மாமல்லபுரத்துக்குள் நுழையும் முன் ஒரு பாலம் வரும். சுற்றுலா வண்டிகள் அதில் நிற்பதில்லை. உளி பிடித்த பல்லவச் சிற்பிகளைப் பற்றி ஊருக்குள் ஆயிரம் பேர் சொல்வார்கள். பாலத்துக்குக் கீழே கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை மண்வெட்டி பிடித்து வெட்டியவர்களைப் பற்றிச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இந்தக் கால்வாய் ஒரே நாளில் வந்ததல்ல. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. வட கால்வாயையும் தென் கால்வாயையும் சென்னைக்குள் இணைக்க, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. அந்தக் கண்ணியை வெட்டியது 1877-78-இல். அதாவது தாது வருஷப் பஞ்சத்தில். வெட்டியவர்கள் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த பட்டினி மக்கள். கால்வாய்க்குக் கிடைத்த பெயரோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவினுடையது. இந்த வேலைக்கு 30 லட்சம் ரூபாய் செலவும் 22 லட்சம் ஆள்-நாளும் ஆனதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

'ஆள்-நாள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை அது. 22 லட்சம் ஆள்-நாள் என்று எழுதியவர்கள், எத்தனை ஆள் என்று எழுதவில்லை. அந்த ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்றும் எழுதவில்லை. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

1876-இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய செங்கல்பட்டுக்கு வடகிழக்கு மழைதான் உயிர். ஏரி நிறையவில்லை என்றால் நாற்று இல்லை, நடவு இல்லை, அறுப்பு இல்லை. சென்னை மாகாணத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. பஞ்சம் முடிந்தபோது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 55 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்திருந்தார்கள். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியாவுக்குப் பேரரசிப் பட்டம் அறிவித்தார்.

அந்த ஜனவரி மாதமே ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை லிட்டன் சென்னைக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. நிவாரண வேலைக்கு வருபவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுவதும் வெயிலில் மண் வெட்ட வேண்டும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இதிலும் குறைவு.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உடலுழைப்பு செய்கிறவருக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பு, காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சிறைக் கைதிக்குக்கூட இதைவிடக் கூடுதல் உணவு தரப்படுகிறது என்பது அன்றே எடுத்துச் சொல்லப்பட்டது. கூலி 1877-லேயே ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் அதிகாரிகள்தான். ஒருவர் ஒரு பவுண்டு என்கிறார், மற்றவர் ஒன்றரைப் பவுண்டு என்கிறார். தின்கிறவரை யாரும் கேட்கவில்லை. பம்பாய் மாகாணத்தில் இதே கூலிக் குறைப்பை எதிர்த்து நிவாரண வேலையாட்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். பட்டினி கிடந்தவர்கள் பட்டினிக் கூலியை மறுத்த அந்தப் போராட்டம், இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் முதல் பக்கங்களில் இடம்பெற வேண்டியது.

கால்வாயோடு சேர்த்து உப்பையும் சொல்ல வேண்டும். கோவளமும் செய்யூரும் உப்பளக் கரைகள். விறகும் உப்பும் படகில் ஏறிச் சென்னைக்குப் போக இந்தக் கால்வாய் வழியாயிற்று. காற்று இல்லாத நாளில் படகைக் கயிறு கட்டிக் கரையோரமாக இழுத்துப் போனதும் மனிதத் தோள்தான். பஞ்சம் ஓயாத 1877-78-இல் அரசு என்ன செய்தது தெரியுமா? சென்னை மாகாணத்தில் மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த உப்பு வரியை 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றியது. கூழுக்குப் போடும் உப்பிலும் கை வைத்தது.

2. படியாள் ஏன் முதலில் செத்தான்?

மழை எல்லாருக்கும்தான் பொய்த்தது. ஆனால் எல்லாரும் ஒன்றுபோலச் சாகவில்லை. 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமே, நிலமற்ற விவசாயக் கூலிகளும் நெசவாளர் போன்ற கைத்தொழிலாளர்களும்தான் பஞ்சத்தில் முதலில் விழுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. அது ஏன் என்பதற்குச் செங்கல்பட்டின் நில அமைப்பில் விடை இருக்கிறது.

இது மிராசு நாடு. ஒவ்வொரு ஊரின் நிலத்திலும் பங்கு உடையவர்கள் மிராசுதார்கள். பிராமணர், வேளாளர் முதலிய சாதியினர் கையில் அது இருந்தது. உழுதவர்கள் படியாட்கள். படியால் அளந்து தானியக் கூலி வாங்குவதால் அந்தப் பெயர். கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் அவர்களைக் கட்டிப்போட்டது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஏர் பிடித்தான். குடியிருந்த குடிசை நிலமும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும் என்பதோடு வீடும் போகும்.

1843-இல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று ஐந்தாம் சட்டம் சொல்லிவிட்டது. காகிதத்தில் படியாள் சுதந்திர மனிதன். நடப்பில் அவன் கடனும் அப்படியே இருந்தது, குடிசையும் பிறர் நிலத்திலேயே இருந்தது. நல்ல மழைக் காலத்தில் படியாளை ஓடவிடாமல் பிடித்துவைப்பதில் மிராசுதாருக்கு லாபம். மழை பொய்த்த காலத்தில் அவனுக்குப் படியளக்காமல் நிறுத்துவதில் லாபம். முன்னதற்குப் பழைய அடிமை வழக்கம் உதவியது. பின்னதற்குப் புதிய சுதந்திரச் சட்டம் உதவியது.

தானியக் கூலியின் சூட்சுமம் ஒன்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விலை ஏறும்போது தானியமாகக் கூலி வாங்குகிறவன் ஓரளவு தப்புவான், காசாக வாங்குகிறவன் அடிபடுவான். ஆனால் விளைச்சலே இல்லாத ஆண்டில் அளக்கத் தானியம் இல்லை. அப்போது படியாளுக்குக் காசும் இல்லை, கடைக்குப் போய் வாங்கிய பழக்கமும் இல்லை. பஞ்ச காலத்தில் சந்தையில் தானியம் இருந்தது. அதை வாங்கும் சக்திதான் சேரியில் இல்லை.

நெசவாளர் நிலை கொஞ்சம் வேறு. சென்னை மாகாணத்தில் அவர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை வாங்கிக்கொள்ளும் நிவாரணம் 1877-இல் நடந்தது. கைத்தொழில் கெட்டுவிடக் கூடாது, மண்வெட்டி பிடித்தால் தறி பிடிக்கும் விரல் பாழாகும் என்ற அக்கறை அதில் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உழுது, நட்டு, ஏரி மடை காத்து, செத்த மாட்டை உரித்துத் தோல் பதமாக்கத் தெரிந்த படியாளை அரசு எப்படிப் பார்த்தது? 'கூலி' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. அவனுக்குத் தெரிந்த தொழில் எதுவும் தொழிலாக எண்ணப்படவில்லை. கையில் மண்வெட்டியும் தலையில் கூடையும்தான் கொடுக்கப்பட்டன.

3. பஞ்சத்துக்குப் பின் எழுந்த குரல்கள்

பஞ்சம் முடிந்ததும் பலர் கப்பலேறினார்கள். இலங்கை, பர்மா, மொரீசியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று தமிழ்க் கூலிகள் போன ஊர்ப் பட்டியல் நீளமானது. போக முடியாதவர்கள் பழைய மிராசுதாரிடமே திரும்பினார்கள், கூடுதல் கடனோடு.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தாது வருஷத்தில் பதின்பருவத்து இளைஞர். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். அவர் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியது 1891-இல். அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டியதும் அதே 1891-இல். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றித் தன் குறிப்பை அரசுக்கு அனுப்பியதும் அதே ஆண்டில்.

மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ட்ரெமன்ஹீரை மட்டும் தனியாக எடுத்து, வெள்ளைக்கார வள்ளல் ஒருவர் நிலம் கொடுத்தார் என்று கதை சொல்கிறவர்கள் உண்டு. நம் மக்களே பத்திரிகை நடத்தி, மனு எழுதி, சபை கூட்டிக் கேட்ட காலம் அது. இந்தப் பகுதியில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, கௌடி போன்ற மிஷனரிகளும் மிராசுதார் கொடுமைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த அழுத்தங்களுக்கு நடுவில் வந்ததுதான் அந்தக் குறிப்பு.

இருந்தாலும் அதன் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. மாவட்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கான ஒரு சமூகம் எப்படிக் குடியிருக்கிறது, எப்படிக் கடனில் மாட்டுகிறது என்பதை அரசு ஆவணமாக்கினார் அவர். அதில் நமக்கு முக்கியம் தரிசு நிலம் பற்றிய பகுதி. ஊரில் சும்மா கிடக்கும் அரசுத் தரிசை ஒரு படியாள் தர்க்காஸ்து போட்டுக் கேட்டாலும், மிராசுதாருக்கே முன்னுரிமை என்று விதி இருந்தது. அவர் அந்த நிலத்தை உழவும் மாட்டார், உழ விடவும் மாட்டார். காரணம் எளிது. படியாளுக்கு இரண்டு ஏக்கர் கிடைத்துவிட்டால் அடுத்த ஆண்டு நடவுக்கு அவன் கூலி பேசுவான்.

1892 செப்டம்பர் 30-இல் 1010 என்ற எண்ணில் அரசாணை வந்தது. ட்ரெமன்ஹீர் கேட்டதையெல்லாம் அரசு தந்துவிடவில்லை. ஆனாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசை ஒதுக்கும் வழி அங்கே திறந்தது. அந்த நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதன்பின் வந்த ஆணைகளில் உறுதிப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

பஞ்ச நிவாரணக் கூலி, வாங்கிய அன்றே வயிற்றுக்குள் போய்விட்டது. கால்வாய் அரசுக்குப் போனது. அந்தத் தலைமுறையின் துயரத்திலிருந்து அடுத்த தலைமுறைக்கு மிஞ்சியது இந்த நிலம் ஒன்றுதான்.

4. பட்டறையும் பூட்சும்

இனி நிலத்தை விட்டுப் பட்டறைக்கு வருவோம்.

செத்த மாட்டின் தோலை உரித்துப் பதமாக்குவது கிராமத்தில் விதிக்கப்பட்ட வேலை. அதற்குப் பதிலாக ஊர் விவசாயிகளுக்குக் கவலை இறைக்கத் தோல் சால், நுகத்துக்கு வார், காலுக்குச் செருப்பு செய்து கொடுக்க வேண்டும். களத்தில் நெல் அளப்பார்கள். தீண்டாமையின் மேல் கட்டிய ஏற்பாடு அது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தோலின் மேல் உழைப்பாளிக்கு ஒரு பாத்தியதை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தோல் கப்பலேறும் சரக்கானது. சரக்கானதும் அதற்கு விலை வந்தது. விலை வந்ததும் பாத்தியதை போயிற்று. வியாபாரி வந்து தோலை வாங்கிப் போனார். உரித்தவர் அதே தோலைப் பதனிடும் கிடங்கில் கூலியாளாகப் போய் நின்றார்.

சென்னையைச் சுற்றிப் பல்லாவரம், மாதவரம் என்று தோல் கிடங்குகள் எழுந்தன. அன்றைக்கு இவையெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். 1912-இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்துதான் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது. அது பெரிய ஆலை. மற்றவை பெரும்பாலும் சிறு பட்டறைகள்: சில சுண்ணாம்புக் குழிகள், சில பட்டைத் தொட்டிகள், ஒரு கீற்றுக் கொட்டகை. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் களைந்து, சதை வழித்து, ஆவாரம்பட்டை நீரில் நாள்கணக்கில் புரட்டி, கடுக்காய் நீரில் முக்கி, எண்ணெய் தடவிக் காய வைப்பார்கள். வேலையாட்கள் இடுப்பளவு தொட்டிக்குள் இறங்கி நிற்பார்கள். சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்னும். நாற்றம் உடம்போடு வீட்டுக்கு வரும்.

இப்படிப் பாதி பதனிட்ட மாட்டுத் தோல் வணிக மொழியில் 'கிப்ஸ்' எனப்பட்டது. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் முக்கியச் சரக்கு அது. 1914-இல் போர் வந்தது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதை எல்லாரும் அறிவோம். அந்தப் போரில் சென்னையிலிருந்து போன தோலை அந்த அளவுக்கு அறியோம். பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தக் கிப்ஸ்தான் தேவைப்பட்டது. 1916-இல் அரசே கிப்ஸ் கொள்முதலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற காலுக்கு, பல்லாவரத்துச் சுண்ணாம்புக் குழியில் நின்ற கால் தோல் கொடுத்தது.

இதில் கிராமத்துப் பெண்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஆவாரம்பட்டை ஆலையில் விளைவதில்லை. தரிசிலும் மேட்டிலும் புதராக மண்டிக் கிடக்கும் ஆவாரஞ்செடியை வெட்டி, பட்டையை உரித்து, காய வைத்து, கட்டுக் கட்டித் தலையில் சுமந்து வர வேண்டும். தோல் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இந்தப் பட்டைக்கட்டுப் பெண் வரமாட்டாள். ஆவாரம் முளைப்பதும் தரிசில், பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதும் தரிசில். தரிசு யாருக்கு என்ற கேள்வி உழவோடு முடிவதில்லை. விறகுக்கும் பட்டைக்கும் மேய்ச்சலுக்கும் சேரி அந்தத் தரிசைத்தான் நம்பியிருந்தது.

போர்க் காலத்தில் தோலுக்குக் கிராக்கி. அதனால் கூலிக்காரர் செழித்தாரா? 1918-இல் கப்பல் தட்டுப்பாட்டால் பர்மா அரிசி வரத்துக் குறைந்தது. துணி, மண்ணெண்ணெய், உப்பு எல்லாம் விலை ஏறின. அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. செப்டம்பரில் சென்னையிலும் மாகாணத்தின் பல ஊர்களிலும் மக்கள் கடைகளைச் சூறையாடினார்கள். பின்னாலேயே விஷக் காய்ச்சல் வந்து லட்சக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. கிராமத்துப் படிக்கூலியை விட்டுவிட்டுக் காசுக் கூலிக்கு வந்தவர்களுக்கு இது புதுப் பாடம். தானியக் கூலிக்காரரை மழை ஏமாற்றியது, காசுக் கூலிக்காரரை விலைவாசி ஏமாற்றியது.

5. இருபது பேர்

பட்டறைத் தொழிலாளருக்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தொழிற்சாலைச் சட்டம் 1881-லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு வாசற்படி உண்டு. எத்தனை பேர் வேலை செய்தால் அது 'தொழிற்சாலை'? முதலில் 100 பேர். 1891-இல் 50 பேர். 1922-இல் 20 பேர், அதுவும் இயந்திர விசை இருந்தால். சுண்ணாம்புக் குழிக்கு விசை எதற்கு? கையும் காலும்தான் விசை. ஆகவே தோல் கிடங்குகளில் பெரும்பாலானவை, பீடிக் கொட்டகைகளைப் போலவே, சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலை ஆகவில்லை. அங்கே வேலை நேரம் இல்லை, வயது வரம்பு இல்லை, ஆய்வாளர் வருகை இல்லை. 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஒழுங்குமுறைக்கு உட்படாத இத்தகைய பட்டறைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருந்தது.

அடுத்த போர் வந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. பர்மாவுக்குக் கூலியாகப் போன நம் மக்கள் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த ஏப்ரலில் குண்டு விழும் என்ற அச்சத்தில் சென்னை நகரம் காலியானது. நகரத்து மக்கள் உள்ளூர்களுக்கு ஓடினார்கள். பர்மா அரிசி நின்றது. நகரத்தில் 1943-இல் ரேஷன் வந்தது. நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சோழவரம் போன்ற இடங்களில் விமான ஓடுதளம் போட மண் சுமந்தார்கள். மறுபடியும் மண்வெட்டி, மறுபடியும் கூடை.

ஆனால் இந்தப் போரில் ஒரு வேறுபாடு இருந்தது. 1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் பொறுப்பேற்றார். அவரது காலத்தில் அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் உட்காரும் முத்தரப்பு மாநாடு முறைப்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கின. 1946 திருத்தச் சட்டம் ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தை வாரம் 48 மணியாகக் குறைத்தது. 1944-இல் அமைந்த ரேகே குழு, தோல் பதனிடும் தொழில் உட்படப் பல தொழில்களில் கூலி, கடன், குடியிருப்பு எல்லாவற்றையும் நேரில் போய் ஆராய்ந்தது. 1877-இல் தொழிலாளியின் வயிற்றை எடை போட்ட அரசு, 1944-இல் தொழிலாளியின் வாழ்க்கையை விசாரித்தது. நடுவில் இருக்கும் தூரம், நம் தலைவர்கள் போராடிக் கடந்த தூரம்.

1947-இல் சென்னை மாகாணம் விசை இல்லாத தொழிற்சாலைகளுக்கு என்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் வாசற்படியை விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று இறக்கியது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? பட்டறையைப் பிரித்தார்கள். பதிவேட்டில் ஒன்பது பேரை மட்டும் எழுதினார்கள். வேலையை வீட்டுக்குக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மேஸ்திரியை நிறுத்தினார்கள். இந்த வித்தை அன்று பீடியிலும் தோலிலும் நடந்தது. இன்று உங்கள் தொழிற்பேட்டையில் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்ற பெயரில் நடக்கிறது.

6. மாணவர்களின் கேள்விக்கு

இப்போது முதலில் வைத்த கேள்விக்கு வருகிறேன். கம்பெனி வேலை இருக்கும்போது நிலம் எதற்கு?

2020 ஊரடங்கை நீங்களே பார்த்தீர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிச் செங்கல் சூளைகளில் ஒடிசாத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழியின்றிக் கிடந்தார்கள். முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்தவர்கள் அவர்கள். இதே பகுதியின் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாக மீட்கப்படுகிறவர்களில் இருளர் மக்கள் எத்தனை பேர்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. கடன், முன்பணம், குடும்பத்தோடு வேலை, முதலாளி நிலத்தில் குடிசை: படியாளுக்கு இருந்த நான்கு கட்டும் சூளையில் அப்படியே இருக்கின்றன. சாதியும் ஊரும் மாறியிருக்கின்றன. அவர்களை வடக்கத்தியான் என்று ஒதுக்குகிற தலித் இளைஞன், தன் பாட்டனை ஒதுக்குகிறான்.

ஊரடங்கில் கம்பெனிக் கதவு அடைத்ததும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுக்குத்தான் வந்தான். சொந்த வீடும் கால் காணியும் இருந்தவன் தாக்குப் பிடித்தான். வாடகை வீட்டில் இருந்தவன் கடன் வாங்கினான். நிலம் என்றால் எல்லாரும் போய் உழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை போகும் நாளில் கூலிக்குக் கெஞ்சாமல் பேரம் பேச ஒரு பிடிமண் வேண்டும். மிராசுதார் இதை 1891-லேயே புரிந்துவைத்திருந்தார். அதனால்தான் தரிசைக்கூட விட மறுத்தார்.

அந்தப் பிடிமண்ணின் விலை இன்று எகிறிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் வந்தபின் ஆவாரம் முளைத்த மேடெல்லாம் மனைப்பிரிவு. அதில் எத்தனை பஞ்சமி நிலம்? இதைத் தேட வேண்டியது உங்கள் தலைமுறை. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் அ-பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, 1980-களின் யூ.டி.ஆர். பதிவோடு ஒப்பிடுங்கள். பழைய ஏட்டில் 'டி.சி. நிபந்தனை' என்று குறித்த சர்வே எண், புதிய ஏட்டில் நிபந்தனை இல்லாத ரயத்துவாரிப் பட்டாவாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். ஒருவர் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

கூடவே இன்னொரு வேலையும் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் தோல் கிடங்கில், உப்பளத்தில், சூளையில், கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த வேலை, என்ன கூலி, எந்த வருஷம், கூட வேலை செய்தவர் யார் என்று நோட்டில் எழுதுங்கள். பெயரை மறக்காமல் எழுதுங்கள். 22 லட்சம் ஆள்-நாளில் ஒரு பெயர்கூட நம் கையில் இல்லை. அடுத்த நூற்றாண்டில் இதே மேடையில் பேச வருகிறவருக்கு அந்த நிலை வரக் கூடாது.

ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பெயர்கள் நமக்குத் தெரியும். தோழர்கள் அவற்றை எழுதி வைத்ததால் தெரியும். மற்றப் பெயர்களை நீங்கள் எழுதுங்கள்.